இரணியலில் படித்த நார்வே பாஷை

1

நான் நார்வேக்கு வந்து பதினொரு வருடம் நிறைந்த அன்றைக்கு, என் பதின்மூன்று வயது மகள் மெர்லின், இனிமேல் எனக்காக மொழிபெயர்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

தங்கும் உரிமை அட்டையைப் புதுப்பிக்கும் அலுவலகத்தில் நின்றுகொண்டிருந்தோம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்மணி என்னிடம் ஏதோ கேட்டார். நான் வழக்கம்போல மெர்லினைப் பார்த்தேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன கேக்காங்க?"

"உங்ககிட்டதானே கேட்டாங்க. நீங்களே சொல்லுங்க."

அந்தப் பெண்மணி சிரித்துக்கொண்டே ஆங்கிலத்துக்கு மாறினார். வீட்டு முகவரி மாறியிருக்கிறதா என்று கேட்டிருக்கிறார், அவ்வளவுதான். இல்லை என்றேன். கைரேகை வைத்தேன். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிட்டது.

காரில் ஏறியதும் திட்டலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"அப்பா, பதினொரு வருஷம் ஆச்சு. நீங்க இன்னும் விருந்துக்கு வந்தவங்க மாதிரியே நிக்கிறீங்க. எனக்கு ஒரு மாதிரி இருக்கு."

வெட்கமாக இருக்கிறது என்று சொல்ல வந்திருப்பாள். அந்தச் சொல் அவளுக்குத் தமிழில் கிடைக்கவில்லை. கிடைக்காமல் போனதே நல்லது என்று நினைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

2

என் பெயர் சூசை. குளச்சலுக்குக் கிழக்கே ஒரு கடற்கரை ஊர். அப்பா வள்ளத்தில் மீன் பிடிக்கப் போனவர். அம்மா ரோசம்மா, பனையோலையில் முடைந்த பெரிய கடவத்தில் மீனை நிறைத்துத் தலையில் சுமந்து, பஸ் ஏறி இரணியல் பக்கம் வீடு வீடாகக் கொண்டுபோய் விற்றவள். மீன் வாடையிலிருந்து தப்பித்தே தீருவது என்று ஐ.டி.ஐ.யில் மெஷின் படித்தேன். சென்னையில் ஆறு மாதம், வளைகுடாவில் எட்டு வருடம் வேலை பார்த்தேன். பிறகு என் மனைவி ஷைனிக்கு இங்கே நர்ஸ் வேலை கிடைத்தது. அவளுக்குப் பின்னால் இரண்டு வயது மெர்லினைத் தூக்கிக்கொண்டு நானும் வந்தேன். மேற்குக் கரையில் ஒரு தீவு. அங்கே எனக்குக் கிடைத்த வேலை, சால்மன் மீனைத் தோலுரித்துத் துண்டு போடும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வது. கடவுள் கணக்கைச் சரியாகத்தான் வைத்திருக்கிறார்.

தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்கிறவர்கள் போலந்துக்காரர்கள், லித்துவேனியாக்காரர்கள். இரைச்சலில் யாரும் பேச முடியாது. கையை ஆட்டினால் நிறுத்து, கட்டை விரலைத் தூக்கினால் ஓட்டு. பத்து வருடம் இப்படியே போய்விட்டது. ஷைனிக்கு அந்த வசதி இல்லை. முதியோர் இல்லத்தில் ஒவ்வொருவரிடமும் பேசினால்தான் வேலை நடக்கும். இரண்டே வருடத்தில் அவள் சரளமாகப் பேசினாள். பிற்பாடு குடியுரிமையும் வாங்கினாள். மெர்லினுக்கும் கிடைத்தது. எனக்கு அதற்கான எழுத்துத் தேர்வு எல்லாம் முடிந்து, பேச்சுத் தேர்வு மட்டும் நின்றுவிட்டது. இரண்டு தடவை தோற்றேன். "சனி ஞாயிறில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார்கள். "தூங்குவேன்" என்றேன். "அப்புறம்?" என்றார்கள். "சாப்பிடுவேன்" என்றேன். மேலே ஒன்றும் வரவில்லை. அதோடு விட்டுவிட்டேன்.

இன்னொரு காரணமும் உண்டு. வந்த புதிதில் எங்கள் ஃபோர்மன் வீட்டுக்கு விருந்துக்குப் போயிருந்தோம். அவருடைய மனைவி உருளைக்கிழங்கை மறுபடியும் தட்டில் வைக்க வந்தார். வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்ல நினைத்து, ஆங்கிலச் சொல்லையே அவர்கள் பாஷை மாதிரி இழுத்து, "யாய் ஆர் ஃபுல்" என்றேன். எல்லோரும் என் குவளையைப் பார்த்தார்கள். இந்த நாட்டில் ஃபுல் என்றால் போதையில் இருக்கிறேன் என்று அர்த்தம். நம் ஊரிலும் ஏறக்குறைய அதுதானே என்று இப்போது சிரிக்கிறேன். அன்றைக்குக் காது சிவந்துவிட்டது. அதன் பிறகு தெரிந்த வார்த்தையைக்கூட வெளியே விடப் பயம்.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்டால், அலுவலகத்தில் ஒன்றும் இல்லை. ஆங்கிலம் இருக்கிறது. நஷ்டம் வீட்டில்தான். சாப்பாட்டு மேசையில் மெர்லின் பள்ளிக்கூடத்தில் நடந்ததைத் தமிழில் ஆரம்பிப்பாள். பாதியில் வேகம் பிடித்ததும் பாஷை மாறிவிடும். ஷைனியும் அவளோடு ஓடிவிடுவாள். இருவரும் சிரிப்பார்கள். நான் அவர்கள் சிரித்து முடிக்கும்வரை மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருப்பேன். "என்ன சொன்னா?" என்று கேட்டால், "ஒண்ணும் இல்லப்பா, சும்மா" என்பார்கள்.

3

நான் வாய் ஓயாமல் பேசுகிற ஒரே நேரம், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. இரணியலில் அப்போது மதியச் சாப்பாடு முடிந்திருக்கும். என் கூட்டாளி தாணு ஃபோனை எடுப்பான்.

தாணு என்னோடு ஐ.டி.ஐ.யில் படித்தவன். அதற்கும் முன்னால், நான் நிக்கர் போட்ட காலத்திலிருந்தே தெரியும். அம்மா மீன் கொடுக்கிற வீடுகளில் அவன் வீடும் ஒன்று. விடுமுறை நாளில் நானும் அவளோடு போவேன். இப்போது இரணியல் ரயில் நிலையத்துக்குப் போகிற சாலையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். ஆதாரில் பெயர் தப்பு, பாஸ்போர்ட்டில் பிறந்த நாள் தப்பு என்று வருகிறவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பான். எந்த அரசாங்கத் தாளையும் கண்டு பயப்படாத ஒரே ஆள் எனக்குத் தெரிந்து அவன்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வழக்கம்போலத்தான் ஆரம்பித்தான்.

"ஏலே சூசை, சாயா குடிச்சியா? கேட்டியா, நேத்து எனக்க மச்சினன் மவளுக்கு கல்யாணம். தோவாளையிலேருந்து மாலை வாங்கிட்டு வந்த பய, பஸ்சுல உறங்கி, முழிச்சு பதறி அடிச்சு எறங்கிட்டான். மாலை மட்டும் தனியா மார்த்தாண்டம் போயிட்டு. மாப்பிள வெறுங்கழுத்தோட மணவறையில இருக்கான்."

"பொறவு?"

"பொறவு என்ன, சாமி படத்துல கெடந்த மாலைய எடுத்துப் போட்டாச்சு. செரி, ஒனக்க சத்தம் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

மெர்லின் சொன்னதைச் சொன்னேன். பேச்சுத் தேர்வைப் பற்றியும் முதல்முறையாகச் சொன்னேன். பதினொரு வருடத்தில் அவனிடம் மறைத்த ஒரே விஷயம் அது.

தாணு கடைக்கு வந்தவரைக் காத்திருக்கச் சொன்னான். பிறகு, "அந்தப் பரீட்சையில என்னதான் கேப்பாவ?" என்றான்.

"ரெண்டு பேர ஒண்ணா இருத்துவாவ. ஒரு அட்டை தருவாவ. அதுல உள்ளத பத்தி ரெண்டு பேரும் கூட்டுக்காரங்க மாதிரி பேசணும். வீட்டு விசேஷம், பழைய நெனப்பு, அந்த வாரத்துச் சேதி, இப்பிடி."

"எலே சவமே!" என்று கத்தினான். கடையில் யாரோ திரும்பிப் பார்த்திருப்பார்கள். "நாம ஞாயித்துக்கெழம தோறும் ஒரு மணிக்கூறு செய்யது பின்ன என்னவாக்கும்? இதுலயா நீ தோத்த?"

4

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் தாணு வேலையை ஆரம்பித்துவிட்டான். இணையத்தில் தேடி மாதிரிக் கேள்விகளை இறக்கி, கணினியை வாசிக்கவைத்து, காதால் கேட்டபடி தமிழில் எழுதி, அச்சடித்து, கடை மேசையில் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தான்.

"இன்னைக்கு நான் கேக்கேன். நீ அந்தப் பாஷையில சொல்லணும். தமிழ்ல சொன்னா நான் ஃபோன வெச்சிருவேன். ரெடியா? வா யூர்தே டூ ஈ கோர்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நேற்று என்ன செய்தாய் என்று கேட்கிறான். "ஏலே, பதில் சொன்னா ஒனக்கு வெளங்குமா?"

"எனக்கு எதுக்கு வெளங்கணும்? பரீட்சை எனக்கா? நீ நிறுத்தாம பேசுகியா இல்லியான்னு நான் மணி பாத்துட்டிருப்பேன். சொல்லு."

சொன்னேன். நேற்று ஓவர்டைம். இயந்திரம் பழுது. பெல்ட் மாற்றினேன். கை வலி. நாற்பது நொடியில் தீர்ந்துவிட்டது.

"கொள்ளாம், நல்லா இருக்கு. இனி மாலை போன கதைய சொல்லு."

மாலைக்கு என்ன சொல், மணவறைக்கு என்ன சொல்? பூவால் செய்த கயிறு என்றேன். கல்யாணக் கட்டில் என்று சொல்லிவிட்டு, அது வேறு அர்த்தமாயிற்றே என்று பதறி, கல்யாண நாற்காலி என்று மாற்றினேன். தாணுவுக்கு ஒன்றும் புரியாது என்பதால்தான் எனக்குத் தைரியம் வந்தது என்று பிற்பாடு யோசித்தபோது தெரிந்தது. அவன் என் தப்பைக் கேட்கவில்லை. என்னைக் கேட்டுக்கொண்டிருந்தான். இடையிடையே வாடிக்கையாளர் குரலும் வரும். ஒருநாள் ஒரு பெண், "அண்ணே, இவ்வோ பேசுகது மலையாளமா?" என்று கேட்டாள். "இல்ல மக்கா, அதுக்கும் அங்கிட்டு" என்றான் தாணு.

வீட்டில் முதலில் கவனித்தவள் மெர்லின். அடுக்களை வாசலில் நின்று கேட்டுவிட்டு, நான் ஃபோனை வைத்ததும் வந்தாள்.

"யார்கூட நோர்ஷ்க் பேசினீங்க?" நார்வே பாஷையை அவள் அப்படித்தான் சொல்வாள்.

"தாணு மாமாகூட."

"அவங்களுக்கு நோர்ஷ்க் தெரியுமா?"

"தெரியாது. கேள்வி மட்டும் தெரியும்."

அவள் தன் அறைக்குப் போய்விட்டாள். ஆனால் மறுநாள் என் மேசையில், அவள் கையெழுத்தில், இறந்தகால வினைச்சொற்களின் பட்டியல் ஒன்று கிடந்தது.

தேர்வுக்கு மறுபடியும் பெயர் கொடுத்து, சனிக்கிழமை வகுப்பிலும் சேர்ந்தேன். ஆசிரியை இங்கெர், ஓய்வு பெற்றவர், கண்டிப்பானவர். மூன்றாவது வாரம் என்னை நிறுத்தி, "உங்கள் சொற்களில் பாதி தப்பு. ஆனால் ராகம் சரியாக இருக்கிறது. இந்த வகுப்பிலேயே உங்களுக்குத்தான் எங்கள் ஏற்ற இறக்கம் வருகிறது. எங்கே பழகினீர்கள்?" என்று கேட்டார்.

சென்னையில் வேலை பார்த்த ஆறு மாதமும், நீ மலையாளியா, பேச்சில் ஏன் பாட்டுப் பாடுகிறாய் என்று கேட்டுக் கேட்டே என் வாயை அடைத்தார்கள். அந்த இழுப்பை ஒளித்துவைத்துப் பேசப் பழகியவன் நான். நார்வேக்காரர்களும் எங்கள் ஊர்க்காரர்களைப் போலத்தான் சொல்லை ஏற்றி இறக்கி இழுக்கிறார்கள் என்பதை அன்றுவரை கவனிக்கவே இல்லை.

"இரணியல்" என்றேன்.

அது ஏதோ பயிற்சி நிலையத்தின் பெயர் என்று நினைத்து, எழுத்துக்கூட்டிக் குறித்துக்கொண்டார்.

5

தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பு தாணு கேட்ட கேள்வி இது: ஒரு நண்பரைப் பற்றிச் சொல்லுங்கள், எப்படி நண்பர்கள் ஆனீர்கள்?

எளிது என்று ஆரம்பித்தேன். என் அம்மா மீன் விற்றாள். அவன் அம்மா மீன் வாங்கினாள். நாங்கள் விளையாடினோம். முடிந்தது.

"இருவது செக்கண்டுகூட ஆகலியே" என்றான் தாணு. "என்ன சொன்ன?"

தமிழில் சொன்னேன்.

"அதுக்கு முன்ன உள்ளத சொல்லலியா?"

"எதுக்கு முன்ன?"

"ஒனக்க அம்ம எனக்க வீட்டுக்கு முத முதல்ல எப்பிடி வந்தான்னு."

"மீன் விக்க வந்திருப்பா."

"ஒனக்குத் தெரியாதா?" அவன் குரல் மாறியது. "சத்தியமா தெரியாதா? ரோசம்மாக்கா சொல்லவே இல்லியா?"

இல்லை என்றேன். அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது. இனிக் கேட்கவும் வழியில்லை.

அவன் சொன்னான். நாங்கள் இரண்டு பேரும் கைக்குழந்தையாக இருந்த காலம். தாணுவின் அம்மா செண்பகம் மண்டைக்காட்டில் சாமி கும்பிட்டுவிட்டு, கையில் பிரசாதப் பொதியோடு திரும்பிக்கொண்டிருந்தார். அதே பஸ்ஸில் கடவத்தோடு என் அம்மாவும் ஏறியிருக்கிறாள். கூட்டம். கடவத்திலிருந்து மீன் தண்ணீர் யாருடைய வேட்டியிலோ சொட்டிவிட்டது. கண்டக்டர் சத்தம் போட்டிருக்கிறான். நாறுகிறது, இறங்கு என்று, ஊரே இல்லாத இடத்தில், வயலுக்கு நடுவில் பஸ்ஸை நிறுத்தி இறக்கிவிட்டிருக்கிறான்.

"பஸ்சு நிறைய ஆளு. ஒருத்தனும் வாயத் தெறக்கல. எனக்க அம்ம எழும்பினா. 'அவ எறங்கினா நானும் எறங்குகேன்'ன்னு சொல்லிட்டு எறங்கிட்டா. ரெண்டு பேரும் அதுக்கு முன்ன பாத்தது கூட இல்ல. நாலு மைலு நடந்தாவ. வீட்டுக்கு வந்து அம்ம குடிக்க வெள்ளம் குடுத்தா. மறுவாரம் ஒனக்க அம்ம ஒரு பொதி சாளை மீனு கொண்டு வந்தா. அதுக்குப் பொறவு நிக்கல. எலே, நாம கூட்டாளி ஆனதே அந்த பஸ்சுனாலயாக்கும்."

பஸ்ஸிலிருந்து இறக்கிவிடப்பட்டதை எந்த அம்மா மகனிடம் சொல்வாள்? மீன் விற்றுவிட்டு வந்தால் கிணற்றடியில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவாள். நான் பள்ளிக்கூடம் போகும்போது என் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் அனுப்புவாள். எனக்கு அது செல்லம் என்றுதான் தோன்றியிருக்கிறது.

"இருக்கியா?" என்றான் தாணு.

"இருக்கேன்."

"செரி. இனி இத அந்தப் பாஷையில சொல்லு பாப்போம்."

"முடியாதுல."

"மெதுவா சொல்லு. எனக்கு இன்னைக்கு கடையில ஆளு இல்ல."

6

தேர்வு அறையில் இரண்டு தேர்வாளர்கள். எனக்கு ஜோடியாக வந்தவர் எரித்ரியாவைச் சேர்ந்த செலாம் என்ற பெண். நர்சரிப் பள்ளியில் உதவியாளர். கைக்குட்டையைச் சுருட்டி விரித்துச் சுருட்டி விரித்து, அது கயிறுபோல ஆகியிருந்தது.

அட்டையைத் திருப்பினேன். நீண்ட நாள் சந்திக்காத இரண்டு நண்பர்கள். குடும்பத்து நினைவு ஒன்றையும் இந்த வாரச் செய்தி ஒன்றையும் பகிர்ந்துகொள்ளுங்கள்.

இரண்டு முறை தோற்ற அறையும் இதே மாதிரிதான் இருந்தது, இதே வெள்ளை மேசை, இதே தண்ணீர்க் குடுவை. செலாம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேசாவிட்டால் அவரும் பேச முடியாது. இரண்டு பேரும் சேர்ந்து மூழ்குவோம். அதை நினைத்ததும் வாய் தானாகத் திறந்தது.

"செலாம், என் அம்மா மீன் விற்கிறாள்" என்றேன்.

மெர்லின் எழுதிக்கொடுத்த இறந்தகாலம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. எல்லாவற்றையும் நிகழ்காலத்திலேயே சொன்னேன். அம்மா பஸ்ஸில் நிற்கிறாள். மீன் கூடை இருக்கிறது. கண்டக்டருக்குச் சொல் தெரியவில்லை. டிக்கெட் மனிதன் வருகிறான், என்றேன். டிக்கெட் மனிதன் சொல்கிறான்: நீ நாறுகிறாய், வெளியே போ. அம்மா இறங்குகிறாள். வெளியே வீடு இல்லை. வயல் மட்டும் இருக்கிறது. வெயில். அப்போது இன்னொரு பெண் எழுந்து நிற்கிறாள். அவளுக்கு என் அம்மாவைத் தெரியாது. அவள் கையில் கோவிலின் பூ இருக்கிறது. அவளும் இறங்குகிறாள்.

"ஏன்?" என்றார் செலாம். தேர்வுக்காகக் கேட்ட ஏன் இல்லை அது.

"அம்மா தனியாக இருக்கிறாள் என்பதால்."

"எவ்வளவு தூரம் நடக்கிறார்கள்?" அவரும் நிகழ்காலத்துக்கு வந்துவிட்டார்.

"ஆறு ஏழு கிலோமீட்டர். அந்தப் பெண்ணின் மகன் என் நண்பன். இன்றும் நண்பன். ஒவ்வொரு ஞாயிறும் பேசுகிறோம்."

செலாம் கைக்குட்டையை மேசையில் வைத்தார். பிறகு அவர் கதையைச் சொன்னார். அவருடைய அம்மா காபிக்கொட்டை வறுத்தால் அந்த வாசனை பிடித்துத் தெருவே வீட்டுக்கு வந்துவிடுமாம். கோபமாக இருக்கிற பக்கத்து வீட்டுக்காரியும் வந்துவிடுவாளாம். அதனால் சண்டை போட்டால் அம்மா பேசப் போக மாட்டாளாம், காபி வறுப்பாளாம். நான் சிரித்தேன். சண்டை எதற்கு வந்தது என்று கேட்டேன். கோழிக்கு என்றார். எங்கள் ஊரிலும் கோழிக்குத்தான் என்றேன். அந்த வாரச் செய்திக்கு வந்தோம். நான், பூமாலை தனியாகப் பயணம் போன கல்யாணத்தைச் சொன்னேன். அது பழைய செய்திதான், ஆனாலும் யாருக்குத் தெரியப் போகிறது. பூக்கயிறு என்றதும் தேர்வாளர்களில் ஒருவர் சிரிப்பை அடக்கக் குனிந்து எழுதுவதுபோல் பாவனை செய்தார். மற்றவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "மன்னிக்கவும், நேரம் தாண்டிவிட்டது" என்றார்.

நேரம் தாண்டிவிட்டது! நாற்பது நொடிக்காரன் நான்.

வெளியே வந்ததும் செலாம் என் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். நாங்கள் இருவரும் அந்தத் தாழ்வாரத்திலேயே நின்று இன்னும் கால் மணி நேரம் பேசினோம். மதிப்பெண் போட அங்கே யாரும் இல்லை.

7

மூன்று வாரம் கழித்து, மதிய உணவு இடைவேளையில், கையுறையைக் கழற்றிவிட்டு ஃபோனைப் பார்த்தேன். தேர்ச்சி. உடன் வேலை செய்யும் போலந்துக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கட்டை விரலைத் தூக்கி, கேள்வியாகப் புருவத்தை உயர்த்தினார். இரண்டு கட்டை விரல்களையும் தூக்கிக் காட்டினேன். அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டார். என் பத்து வருடத்தில், பழுது இல்லாமல் அந்த வரிசை நின்றது அன்று ஒரு தடவைதான். போலந்துக்காரர்களும் லித்துவேனியாக்காரர்களும் என்னைத் தூக்கினார்கள். மூன்றுபேர் தூக்க வேண்டிய ஆள்தான் நான்.

மாலையில் மேசையில் மெர்லின் கேட்டாள், "பரீட்சையில என்னதான் சொன்னீங்க?"

தமிழில் ஆரம்பித்தவன், நிறுத்தி, அவளுடைய பாஷையிலேயே சொன்னேன். முதல் வாக்கியத்தில் ஒரு வினைச்சொல்லைத் திருத்தினாள். இரண்டாவதிலும் திருத்தினாள். டிக்கெட் மனிதன் வந்த பிறகு திருத்தவில்லை. ஷைனி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். அவளுக்கும் இது தெரியாத கதை. முடித்ததும் மெர்லின் தமிழில் கேட்டாள்:

"அந்த இறங்கின அம்மா, இப்ப இருக்காங்களா?"

இருக்கிறார். அந்த ஞாயிற்றுக்கிழமை மெர்லினும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வீடியோவில் முதலில் தெரிந்தது தாணுவின் கடை வாசல். நான் அனுப்பிய தேர்வு முடிவைக் கலரில் அச்சடித்துக் கண்ணாடியில் ஒட்டி, அடியில் பெரிய எழுத்தில், "பயிற்சி: தாணு, இரணியல்" என்று எழுதியிருந்தான்.

"ரெண்டு பேரு வந்து ஃபீஸ் என்னன்னு கேட்டுட்டானுவ" என்றான். சிரித்துச் சிரித்து அவனுக்கு இருமல் வந்துவிட்டது. பிறகு ஃபோனைக் கடைக்குப் பின்னால் இருக்கும் வீட்டுக்குள் கொண்டுபோய் அவன் அம்மாவிடம் கொடுத்தான்.

செண்பகம் அம்மா திரையை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "சூசையா? பாஸாயிட்டியா மக்கா? நல்லா இருப்ப."

"உங்களாலதான்மா பாஸானேன். நீங்க பஸ்சுலேருந்து எறங்கின கதையத்தான் சொன்னேன். 'அவ எறங்கினா நானும் எறங்குகேன்'ன்னு சொன்னீங்கல்லா, அத."

"நானா? நான் எப்ப அப்பிடி சொன்னேன்?"

தாணுவின் குரல் பின்னாலிருந்து வந்தது. "எம்மா, நீ சொல்லலியா? கண்டக்டருகிட்ட..."

"போடா அங்க. கண்டக்டருகிட்ட பேசதுக்கு எனக்கு தைரியம் உண்டுமா அப்ப? எனக்கு இருவத்திரெண்டு வயசு." அவர் திரையை இன்னும் நெருக்கினார். "மக்கா, அவன் கடவத்தத் தூக்கி ரோட்டுல வெச்சிட்டான். நெறஞ்ச கடவத்த ஒத்தையில தலையில ஏத்த முடியுமா? ஒரு ஆளு கை பிடிச்சு விடாண்டாமா? ஒனக்க அம்ம சுத்தியும் பாத்துட்டு நிக்கா. ஒரு கை பிடிச்சு ஏத்தி விட்டுட்டு திரும்ப ஏறிரலாம்னுதான் நான் எறங்கினேன். அதுக்குள்ள அந்தச் சவம் பஸ்ச எடுத்துட்டுப் போயிட்டான்!"

என் பக்கத்தில் மெர்லின் ஒரு கணம் விழித்தாள். பிறகு வெடித்துச் சிரித்தாள். அவளைப் பார்த்து, பின்னால் நின்ற ஷைனி சிரிக்க, அதைக் கேட்டு அங்கே செண்பகம் அம்மாவும் சிரித்தார்.

"அப்பா, நீங்க பரீட்சையில தப்பா சொல்லிட்டீங்க!"

"மார்க்க திருப்பிக் கேக்க மாட்டாவல்லா?" என்றான் தாணு கவலையோடு.

"அப்புறம் என்ன செஞ்சீங்க, பாட்டி? கோபம் வரலையா?" என்று மெர்லின் ஃபோனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"வந்துது. நாலு எட்டு வைக்கதுவரை வந்துது. பொறவு ஒனக்க அப்பனுக்க அம்ம பேச ஆரம்பிச்சா. அவளுக்க மாமியாரு கதை, கடல்ல பிடிச்ச பெரிய மீனுக்க கதை. நான் எனக்க வீட்டுக் கதைய சொன்னேன். அவளுக்கும் கைப்பிள்ள, எனக்கும் கைப்பிள்ள. கதை பறஞ்சு பறஞ்சு வீடு வந்ததே தெரியல மக்களே. மறுவாரமும் அவ வரமாட்டாளான்னு இருந்துது எனக்கு." அவர் மூச்சு வாங்கிக்கொண்டார். "செரி, எனக்க கதை கெடக்கட்டு. நீ சொல்லு. ஒனக்க பள்ளிக்கூடத்துல என்ன சேதி? கூட்டுக்காரி யாரு?"

மெர்லின் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தோழி பெயர் சொன்னாள். அவளோடு போன வாரம் நடந்த சண்டையைச் சொன்னாள். எனக்கு ஒரு சண்டை நடந்ததே தெரியாது. சொல் கிடைக்காத இடத்தில் கையால் காட்டினாள். கையும் போதாதபோது நோர்ஷ்க்கில் சொன்னாள். செண்பகம் அம்மா, "ஆங், பொறவு?" என்று எல்லாவற்றுக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்.

தாணுவோடு பேச எனக்கும் நிறைய இருந்தது. ஃபோனுக்காக இரண்டு தடவை கையை நீட்டினேன். மெர்லின் என் கையைத் தள்ளிவிட்டு, ஃபோனை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள்.